பாண்டி பஜாரில் எங்கள் கட்டில் கிடந்த இடம்

எங்கள் கடை என்பது ஒரு கட்டில்தான். ஆறடி நீளம், மூன்றடி அகலம். அதன்மேல் ஒரு பிளைவுட் பலகை, பலகைமேல் வெள்ளைத் துணி, துணிமேல் ரிப்பன், ஹேர்பின், சவுரி, சாந்து, ஸ்டிக்கர் பொட்டு, ஊக்கு, ரப்பர் வளையம், கண்ணாடி வளையல். பின்னால் ஒரு மரம். மரத்திலிருந்து முன்னால் நட்ட மூங்கில் வரை நீலத் தார்ப்பாய். 1978-இல் அம்மா அங்கே கட்டில் போட்டபோது எனக்கு ஐந்து வயது. 2013 கடைசியில் அந்தக் கட்டிலை மடித்து ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவள் நான். இடைப்பட்ட முப்பத்தைந்து வருடமும், அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் பட்ட பாடும்தான் இதில் இருக்கின்றன. பட்ட பாட்டை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அப்போது எனக்கு விவரம் சொல்ல ஒருவரும் இல்லை. இப்போது வேறு ஊரில், வேறு கடைவீதியில் யாரோ ஒருத்தி நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

பாண்டி பஜார் என்றதும் பாண்டிச்சேரியிலிருந்து வந்த பெயர் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனின் பெயரில் சென்னை தி.நகரில் அமைந்த கடைவீதி அது. பேச்சுவழக்கில் பாண்டி பஜார் ஆகிவிட்டது. சாலைக்குப் பெயர் தியாகராய சாலை. ஒரு முனையில் பனகல் பூங்கா. எங்களுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் முகவரி அல்ல. யாராவது வழி கேட்டால் அம்மா, "ராஜகுமாரி தியேட்டர் தாண்டி நான்காவது மரம்" என்பாள். தியேட்டரை இடித்த பிறகும் அப்படித்தான் சொன்னாள். நாயுடு ஹாலுக்கு வந்தவர்கள், ரத்னா ஸ்டோர்ஸில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கிப் பெயர் பொறித்துக்கொண்டு வருகிறவர்கள், கீதா கபேயில் காபி குடித்துவிட்டு மெதுவாக நடக்கிறவர்கள், எல்லாரும் எங்கள் கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும். யாரும் எங்களைத் தேடி வரவில்லை. போகிற வழியில் நாங்கள் இருந்தோம், அவ்வளவுதான். அந்த "போகிற வழி" என்பதுதான் எங்கள் மூலதனம் என்று எனக்குப் புரிய நாற்பது வயது ஆயிற்று.

அம்மாவிடம் ஒரு வித்தை இருந்தது. ரவிக்கைத் துணிக்குப் பொருத்தமாக ரிப்பனோ வளையலோ கேட்டு ஒரு பெண் வந்தால், துணியை வாங்கிக்கொண்டு தார்ப்பாய் நிழலைவிட்டு வெளியே, சாலை ஓரத்துக்கு வருவாள். வெயிலில் துணியை விரித்து, அதன்மேல் மூன்று ரிப்பனைக் குறுக்காக வைப்பாள். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே பச்சையும் நீலமும் ஏமாற்றும் என்பது அவள் கண்ட பாடம். அந்திசாய்ந்து வருகிறவர்களிடம், "இப்போது வாங்காதே கண்ணு, நாளை பகலில் வா" என்று திருப்பி அனுப்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கைக்கு வந்த காசை விடுகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வரும். மறுநாள் அந்தப் பெண் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது, எந்தப் பள்ளிக்கு என்ன நிற ரிப்பன் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். குழந்தையின் சீருடையைப் பார்த்ததும் கேட்காமலே எடுத்துக் கொடுப்பாள். அதனால் அவளுக்குப் பெயரே ரிப்பன் அம்மா.

எல்லாம் இனிமை என்று சொல்லமாட்டேன். நடைபாதைக் கடைகளை அள்ளிப்போகிற மாநகராட்சி லாரியைப் பார்த்து, "லாரி வருகிறது" என்று முனையிலிருந்து ஒரு குரல் கேட்டால் வெள்ளைத் துணியின் நான்கு முனையையும் சேர்த்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஓடவேண்டும். ஓடியபோது உடைந்த வளையல் கணக்கில் அடங்காது. மழைக்காலத்தில் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் குத்திக் கொட்டுவதே பாதி வேலை. மூத்திரம் வந்தால் அடக்கிக்கொண்டு கீதா கபே வரை போகவேண்டும். இரண்டு வரிசையாக நாங்கள் கட்டில் போட்டதால் நடக்கிறவர்கள் சாலையில் இறங்கி, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நடந்தார்கள் என்பதும் உண்மை. கைத்தடியோடு ஒரு பெரியவர் எங்கள் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் இடையில் நுழைய முடியாமல் தவித்ததை நான் மறக்கவில்லை. நடைபாதை நடப்பதற்கு வேண்டும் என்று ஊர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதைச் சொல்லாமல் எங்கள் கதையை மட்டும் சொன்னால் அது முழுக்கதை ஆகாது.

தீபாவளிக்கு முந்தைய மூன்று நாள்தான் எங்கள் வருடம். பாரிமுனையில் பந்தர் தெரு, தேவராஜ முதலி தெரு என்று ஏறி இறங்கி, கடனுக்கும் ரொக்கத்துக்குமாகச் சரக்கு எடுத்து வருவோம். கடைசி இரவு இரண்டு மணி வரை கூட்டம் குறையாது. பின்னாலிருந்த கடைக்காரர் ஒரு பல்புக்கு மின்சாரம் கொடுப்பார், அதற்கு நாள் கூலிபோல ஒரு தொகை. இரவில் மூட்டையை அவர் கடை மாடிப்படிக்கு அடியில் வைத்துக்கொள்ள அனுமதிப்பார். பக்கத்தில் கைக்குட்டை விற்ற அண்ணன் சாப்பிடப் போனால் அவர் வியாபாரத்தையும் அம்மா பார்த்துக்கொள்வாள். பூக்கார ஆயா மீந்த பூவைப் போகும்போது எங்கள் கட்டில் கம்பியில் சுற்றிவிட்டுப் போவார். இவையெல்லாம் வாடகை ரசீதில் வராத வசதிகள். இடம் மாறும்போது இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நாமும் எடுப்பதில்லை.

அம்மா 2012 மார்ச்சில் இறந்துபோனாள். அதற்கு முன்பே நடைபாதை வியாபாரிகளுக்கென்று பாண்டி பஜாரிலேயே ஒரு மாடிக் கட்டடம் தயாராகி, நாங்கள் யாரும் போகாததால் காலியாக நின்றது. கணக்கெடுப்பில் பதிவானது அம்மாவின் பெயர். வியாபாரம் செய்தது பதினைந்து வருடமாக நான். இதில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். 2013-இல் அறுநூறுக்கும் மேற்பட்ட வியாபாரிகளை உள்ளே அனுப்பும் பேச்சு உறுதியானபோதுதான் விழித்துக்கொண்டேன். பட்டியலில் அம்மாவின் பெயருக்கு முன்னால் அவள் அப்பாவின் தலைப்பெழுத்து. குடும்ப அட்டையில் என் அப்பாவின் தலைப்பெழுத்து. இறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்தே இல்லை. ஒரே பெண், மூன்று காகிதத்தில் மூன்று பெண். வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து, அண்ணன் காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டு, எல்லாம் கைக்கு வர ஏழு வாரம் ஆயிற்று. வாரத்துக்கு மூன்று அரைநாள் கடை மூடினேன்.

இங்கே நிறுத்திச் சொல்கிறேன். உங்கள் இடம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் உயிரோடு இருக்கும்போதே காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து, தலைப்பெழுத்து, வயது, முகவரி நான்கும் ஒன்றாக இருக்கவேண்டும். பெண்கள் பெயரில்தான் இந்தத் தலைப்பெழுத்துச் சிக்கல் அதிகம், ஏனென்றால் கல்யாணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. நம்முடைய இடத்தில் நாம் நிற்கிற படம் ஒன்று, பின்னால் உள்ள கடையின் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி, வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து வையுங்கள். முப்பத்தைந்து வருடத்தில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். அதுவும் ஒரு வாடிக்கையாளர் தன் மகளை எடுத்ததில் அம்மாவின் பாதி முகம். எனக்கு நடந்தபோது தெருவோர வியாபாரிகள் சட்டம் வரவில்லை. அது 2014 மே 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது அந்தச் சட்டப்படி, சான்றிதழ் பெற்ற வியாபாரி இறந்துபோனாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ, கணவனோ மனைவியோ அவரை நம்பியிருந்த பிள்ளையோ அந்தச் சான்றிதழின் காலம் முடியும்வரை அந்த இடத்தில் தொடரலாம். இடத்தைவிட்டு மாற்றுவதற்கு முன் முப்பது நாள் அறிவிப்பு தரவேண்டும். பொருளை எடுத்துச் சென்றால் பட்டியல் போட்டுப் பிரதி தரவேண்டும். சான்றிதழை வாங்கி வைத்திருந்தால்தான் இந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாங்கமுடியும்.

நான் காகிதத்துக்கு அலைந்துகொண்டிருந்த அந்த வாரங்களில்தான் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு தோல்பை, எல்லா அலுவலகத்திலும் ஆள் தெரியும் என்கிற பேச்சு. "அக்கா, பெயர் மாற்றுவதெல்லாம் நீங்கள் அலைந்து ஆகிற காரியமா? தரைத்தளத்தில் வாசல் பக்கமாக ஒரு கடை, நான் முடித்துத் தருகிறேன்" என்றார். எதிர்த்த வரிசையில் இரண்டு பேருக்கு முடித்துக் கொடுத்ததாகப் பெயரோடு சொன்னார். நான் அந்த இரண்டு பேரிடமும் போய்க் கேட்கவில்லை. இருபதடி தூரம், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கேட்டுவிடலாம். கேட்டால் விஷயம் வெளியே தெரிந்து அந்தக் கடை வேறு யாருக்காவது போய்விடும் என்று பயந்தேன். ஆகஸ்டில் 25,000 ரூபாய், அக்டோபரில் 15,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது இல்லை, சாட்சி இல்லை. கையில் வாங்கியவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே பைக்குள் வைத்தார். எண்ணாமல் வாங்குகிறவரை நம்பக்கூடாது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது.

கடைசியில் எனக்குக் கிடைத்தது மேல் மாடியில், படியிலிருந்து தள்ளி, ஒரு மூலை. அந்தக் கடைகூட என் காகிதத்துக்குக் கிடைத்ததுதான், அவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்குள் அவருடைய செல்போன் அணைந்துவிட்டது. எதிர்வரிசை அக்காவிடம் பிறகு கேட்டபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் 30,000 கொடுத்திருந்தார். என் பெயரைச் சொல்லி அவரிடமும், அவர் பெயரைச் சொல்லி என்னிடமும் வாங்கியிருக்கிறான் அந்த மனிதன். நாங்கள் இருவரும் தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தை பேசியிருந்தால் 70,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். புகார் கொடுக்கவும் இல்லை. குறுக்கு வழிக்குப் பணம் கொடுத்தோம் என்று நாமே எப்படிப் போய்ச் சொல்வது என்ற வெட்கம். ஒதுக்கீடு பற்றி எதையாவது தெரிந்துகொள்ளவேண்டுமென்றால் நேரே சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப்போட்டால் முப்பது நாளில் பதில் தரவேண்டும். உங்களிடம் ரகசியமாக இருக்கச் சொல்கிற எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள். வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். நான் போனதே இல்லை, ஏனென்றால் கூட்டம் மாலையில், மாலைதான் வியாபாரம். மாதத்துக்கு ஒரு மாலை போயிருந்தால் அந்த ஆளைப் பற்றி அங்கேயே தெரிந்திருக்கும்.

சரக்கு விஷயத்தில் செய்த தப்பு இன்னும் பெரியது. அது வெளியாள் ஏமாற்றியதல்ல, என் மனம் ஏமாந்தது. இடம் மாறப்போகிறது என்று தெரிந்தும், நடைபாதையில் கடைசித் தீபாவளி, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று 1,60,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தேன். பாதிக்கு மேல் கடன். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 2. விற்றது போக 85,000 ரூபாய்ச் சரக்கு மீந்தது. பரவாயில்லை, புதுக் கடைக்கு ஆயிற்று என்று அதை அப்படியே மேலே கொண்டுபோனேன். அலமாரி, விளக்கு, கண்ணாடி, பெயர்ப்பலகை என்று 28,000 ரூபாய். வாழ்க்கையில் முதல் தடவையாக நான்கு சுவரும் ஒரு ஷட்டரும் உள்ள கடை. பூட்டும்போது கேட்ட அந்தச் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூட்டை தூக்க வேண்டாம், லாரிக்குப் பயப்பட வேண்டாம். அம்மா படத்தை உள்ளே மாட்டினேன்.

முதல் நாள் வியாபாரம் 110 ரூபாய். நடைபாதையில் சாதாரண நாளில் 2,500, ஞாயிறென்றால் 5,000 வரை பார்த்தவள் நான். முதல் வாரத்தில் அதிகபட்சம் 340 ரூபாய். ஆள் மேலே வரவில்லை. ஊக்கும் ரிப்பனும் வாங்க யார் படி ஏறுவார்கள்? பத்து ரூபாய்ப் பொருள் கண்ணில் பட்டால்தான் வாங்கத் தோன்றும். புடவை வாங்குகிறவர்கள் நான்கு மாடி ஏறுவார்கள், ஏனென்றால் புடவை வாங்குவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். ஊக்கு வாங்க யாரும் கிளம்புவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கிலிருந்து எட்டு வரை, என் கடை வாசலைக் கடந்தவர்களை ஒரு அட்டையில் கோடு போட்டு எண்ணினேன். பதினேழு பேர். அதில் ஒன்பது பேர் பக்கத்துக் கடைக்காரர்கள். அதே எண்ணிக்கையை அந்தக் கட்டடம் காலியாக நின்ற நாட்களில் வாசலில் ஒரு மணி நேரம் நின்று யோசித்திருந்தாலே ஊகித்திருக்கலாம். மாற்றிடம் கொடுக்கிறார்கள் என்றால் காலையில் போய்ச் சுவரையும் ஷட்டரையும் பார்க்காதீர்கள். உங்கள் வியாபாரம் நடக்கிற நேரத்தில் போய் நின்று, எத்தனை பேர் கடக்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள், எங்கே திரும்புகிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்துக்குப் பொருந்துகிற சரக்கு வேறாக இருக்கலாம். என் பக்கத்துக் கடைத் தம்பி பெல்ட் விற்பதை விட்டுவிட்டுப் பை தைத்துக் கொடுக்கவும் ஜிப் மாற்றவும் ஆரம்பித்தான். தேடி வருகிற தொழில் அது. அவன் தாக்குப்பிடித்தான். நான் ரிப்பனை விடவில்லை. அதை விட்டால் அம்மாவை விட்டதுபோல இருந்தது.

வாடிக்கையாளர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கலாம். முப்பத்தைந்து வருட வாடிக்கை, ஆனால் ஒருவருடைய செல்போன் எண்ணும் என்னிடம் இல்லை. அவர்களுக்கு நான்காவது மரம் தெரியும், எனக்கு அவர்கள் முகம் தெரியும். மரத்தடியில் கட்டில் இல்லை என்றதும் அறுந்துவிட்டது. இடம் மாறுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஒரு நாற்பது பக்க நோட்டில் எண் வாங்கி வைத்திருக்கவேண்டும். புது இடத்தின் அடையாளத்தை எழுதிய சின்ன அட்டை ஐந்நூறு அச்சடித்து ஒவ்வொரு பொட்டலத்தோடும் கொடுத்திருக்கவேண்டும். அலமாரிக்குச் செலவழித்த 28,000-இல் இரண்டாயிரத்தை அதற்குச் செலவழித்திருந்தால் போதும். இதை இப்போது எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

பந்தர் தெருக் கடன் கழுத்தை நெரித்தபோது தண்டலுக்குப் போனேன். 20,000 என்று எழுதிக்கொண்டு 18,000 கையில் கொடுப்பார்கள், தினம் 200 வீதம் நூறு நாள். நாளுக்கு 2,500 விற்கும்போது 200 கட்டுவது தெரியாது. 300 விற்கிற கடையில் 200 கட்டினால் அடுப்பில் என்ன வைப்பது? ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. 2014 ஆவணியில் என் நான்கு சவரன் சங்கிலியை 55,000-க்கு அடகு வைத்தேன். அன்றைய விலைக்கு 85,000 வரும். மீட்க முடியாமல் போய்விட்டது. அம்மா ரிப்பன் விற்றுச் சீட்டுக் கட்டி எனக்குப் போட்ட சங்கிலி. கழுத்து வெறுமையாக இருப்பது தெரியக்கூடாது என்று எங்கள் கடையிலிருந்த கவரிங் சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மகள் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

வருமானம் குறைந்த மாதத்தில் பழைய வருமானத்தை மனதில் வைத்துக் கடன் வாங்காதீர்கள் என்பதைத் தவிர இதில் நான் சொல்ல வேறில்லை. அந்த நாளில் எங்களைப் போன்றவர்களுக்கு வங்கியில் கடன் என்ற பேச்சே கிடையாது. 2020-இல் பி.எம். ஸ்வநிதி என்று தெருவோர வியாபாரிகளுக்கு முதலில் 10,000 ரூபாய், ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் அடுத்தடுத்து அதிகம் என்று திட்டம் வந்தது. அடமானம் இல்லை, வட்டியில் ஏழு சதவீதம் மானியம். அதற்கும் வியாபாரி என்கிற அடையாள அட்டையோ சான்றோ வேண்டும். திரும்பவும் காகிதத்திலேயே வந்து நிற்கிறது.

2015 சித்திரையில் கடையை விட்டேன். மீந்த சரக்கை மொத்தமாக 30,000-க்குக் கொடுத்தேன். தரகருக்குப் போன 40,000, அலமாரிக்கு 28,000, சரக்கில் 55,000, சங்கிலியில் 30,000, தண்டலில் 6,000. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 1,60,000 ரூபாய். கடைசித் தீபாவளிக்கு எடுத்த சரக்கின் விலையும் அதுதான். பிறகு மூன்று வருடம் தி.நகரிலேயே ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றேன். நின்றேன் என்றால் நின்றதுதான். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்ற சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 2021-இல்தான் வந்தது. நடைபாதையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்தவளுக்குக் கால் இரண்டும் வீங்கிப்போயின.

2019 நவம்பரில் பனகல் பூங்காவிலிருந்து தியாகராய சாலையை நடைபாதை வளாகமாக மாற்றித் திறந்தார்கள். திறந்த மூன்றாம் நாள் துரைசாமி சுரங்கப்பாதை வழியாக நடந்தே போனேன். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன், கால் போய்விட்டது. அகலமான நடைபாதை, வழுவழுப்பான தரை, உட்காரக் கல் இருக்கை, குழந்தைகள் ஏறி விளையாட ஏதேதோ. கைத்தடியோடு வயதானவர்கள் பயமில்லாமல் நடந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலோடு சொல்லவில்லை, உண்மையாகவே நன்றாக இருந்தது. எங்கள் கட்டில் கிடந்த இடம் என்று நான் நினைத்த இடத்தில் ஒரு இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் துப்பட்டா முனையில் ஊக்கு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வேறு ஊக்கு கேட்டு அவள் தோழியின் பையைத் துழாவினாள், கிடைக்கவில்லை. என் கைப்பையில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு இருக்கும், பழக்கம். எடுத்துக் கொடுத்தேன். "எவ்வளவு ஆன்ட்டி?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டேன். அவள் எதிரில் அழுதுவிடுவேன் போல இருந்தது.

இத்தனை அகலமான நடைபாதையில், கைத்தடிக்காரருக்கும் இடம் விட்டு, ஒழுங்காக வரிசைப்படுத்தி, எங்களுக்கும் நூறு கட்டில் அளவுக்கு இடம் திட்டத்திலேயே போட்டிருக்க முடியாதா என்பது என் கேள்வி. நடப்பவர்களும் வேண்டும், நடக்கிற வழியில் விற்பவர்களும் வேண்டும். இன்றைய தெருவோர வியாபாரிகள் சட்டத்தில், அந்தச் சட்டப்படி அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்கவேண்டும், அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும் என்று இருக்கிறது. அந்த நாற்காலிகளில் நம்மவர்கள் போய் உட்கார்ந்து, வரைபடம் போடும்போதே வாய் திறக்கவேண்டும். தரை போட்ட பிறகு கேட்டால் எங்கே இடம் என்பார்கள்.

இப்போது மேற்கு மாம்பலத்தில் வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு ஃபேன்சி கடை வைத்திருக்கிறேன். ரிப்பன் வாங்குகிறவர்கள் குறைவு. ரவிக்கைத் துணிக்குப் பொருத்தமாக வளையல் பார்க்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள், நானும் துணியை வாசலுக்கு எடுத்துப்போய்த்தான் பார்க்கிறேன். மேசைமேல் ஒரு நோட்டு, அதில் 412 எண்கள். புதுச் சரக்கு வந்தால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் எங்கள் தெரு முனையில் பூக்கட்டி விற்கிற பெண் வந்தாள். அங்கே வேலை ஆரம்பிக்கப் போகிறார்கள், எல்லாரையும் வேறு இடத்துக்கு மாற்றுவார்கள் என்று பேச்சாம். வியாபாரி அட்டை அவள் கணவன் பெயரில். அவன் இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஒருவர் வந்து, "பத்தாயிரம் கொடு, நல்ல இடமாகப் பார்த்துத் தருகிறேன், யாரிடமும் சொல்லாதே" என்றாராம். பணம் முடிச்சாக இடுப்பில் இருந்தது. நான் கடையைச் சாத்திவிட்டு அவளை முதலில் ஜெராக்ஸ் கடைக்கு அழைத்துப்போனேன். அட்டை, குடும்ப அட்டை, இறப்புச் சான்றிதழ், ஆதார், எல்லாவற்றிலும் மூன்று மூன்று பிரதி. கடை வாசலில் வைத்தே நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். அவன் பெயரில் ஓர் எழுத்து மாறித்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தாலுகா அலுவலகம் போகிறோம். பூக்கூடையை அன்றைக்கு என் மகள் பார்த்துக்கொள்கிறாள்.